1977-ன் பேரேடு

முதல் பதிவு ஜவ்வாது மலையில் விழுந்தது. 1977 மார்ச் 10 இரவு, விடிந்தால் 11. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரில், 102 செ.மீ. ஆடி பொருத்திய தொலைநோக்கி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தபடி நின்றது. அன்றிரவு யுரேனஸ் அந்த நட்சத்திரத்துக்குக் குறுக்கே போக வேண்டும். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று சரிந்து, சில நொடிகளில் மீண்டது. வானியலாளர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று எண்ணி எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, சுமார் 12 கி.மீ. உயரத்தில், 91 செ.மீ. தொலைநோக்கியைச் சுமந்து ஓர் அமெரிக்க விமானம் பறந்துகொண்டிருந்தது. அதிலிருந்த ஜேம்ஸ் எலியட்டின் குழு கோளுக்கு முன் ஐந்து சரிவுகளையும் கோளுக்குப் பின் ஐந்து சரிவுகளையும் பதிவு செய்தது. முன்னதும் பின்னதும் ஏறக்குறையப் பொருந்தின. துணைக்கோள் அப்படி இரு பக்கமும் ஒரே அளவில் நிற்காது, வளையம் நிற்கும்.

காவலூரின் அந்தத் தொலைநோக்கி கிழக்கு ஜெர்மனியின் யெனா நகரத்தில் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்தது. பனிப்போர்க் காலம். கிழக்கு ஜெர்மன் கண்ணாடி, அமெரிக்க விமானம், தமிழ்நாட்டு மலை மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த வரவு ஐந்து வளையங்கள். (இன்றைய எண்ணிக்கை 13.) அந்த ஆண்டு முழுக்கப் பேரேடு இப்படித்தான் போகிறது. ஒரே வரியில் சேர்ந்து உட்காரக் கூடாதவர்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, மூன்றாவது பதிவுகள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில். ஆகஸ்ட் 20 அன்று வாயேஜர் 2 விண்கலம் கிளம்பியது. செப்டம்பர் 5 அன்று வாயேஜர் 1. எண்ணில் பின்னது முன்னால் போனது ஏன் என்று குழம்ப வேண்டாம். வாயேஜர் 1 குறுக்கு வழியில் போய் வியாழனை முந்திப் பிடித்தது, அதனால் அந்த எண். வெளிக்கோள்கள் நான்கும் ஒரு கலத்துக்குத் தோதாக வரிசையில் வந்து நிற்பது ஏறக்குறைய 176 ஆண்டுக்கு ஒரு முறை. அந்த ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகளுக்கு.

செலவு: 1972 மே மாதத்திலிருந்து 1989-ல் நெப்டியூனைக் கடந்தது வரை, ஏவூர்தி, அணுமின்கலம், தரையிலிருந்து பின்தொடர்ந்த செலவு எல்லாம் சேர்த்து 86.5 கோடி டாலர். 17 ஆண்டுக்கு வகுத்து, 1980-ல் அமெரிக்காவில் இருந்த 22.65 கோடிப் பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 22 சென்ட். கலத்தின் ஒலிபரப்பிக்கு 23 வாட், குளிர்சாதனப் பெட்டிக்குள் எரியும் குண்டு பல்பின் அளவு. கணினிகளின் நினைவகம் சுமார் 70 கிலோபைட்; கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதில் கொள்ளாது. கிளம்பும்போது கையில் இருந்த மின்சாரம் 470 வாட், ஆண்டுக்கு 4 வாட் வீதம் தேய்மானம்.

இரு கலங்களிலும் தங்க முலாம் பூசிய செப்பு ஒலித்தட்டு ஒவ்வொன்று உண்டு. 55 மொழிகளில் வணக்கம். தெலுங்கு, கன்னடம், சிங்களம், ஒரியா எல்லாம் இருக்கின்றன, தமிழ் இல்லை. இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மனத்தாங்கல் என்று ஒரு தலைப்பு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

செப்டம்பர் 18 அன்று, 1 கோடியே 17 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து வாயேஜர் 1 திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்தது. இவ்வளவு தள்ளி நின்று பூமியையும் நிலாவையும் ஒரே சட்டத்துக்குள் பிடித்த முதல் படம் அது. இரண்டும் பிறைகள். அந்தப் பூமியில் எங்கோ, சோமாலியாவில், பெரியம்மை இன்னும் உயிரோடு இருந்தது. 1977-ல் அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்தது.

நான்காவது பதிவு அந்த நாட்டின் மெர்க்கா என்ற கடற்கரை ஊரில். வாயேஜர் 1 கிளம்பி 51-ஆம் நாள், அக்டோபர் 26 அன்று, ஒருவர் உடலில் கொப்புளம் கிளம்பியது. அலி மாவ் மாலின், வயது 23, மருத்துவமனைச் சமையற்காரர். அம்மை கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழி காட்ட ஏறி, சில நிமிடங்கள் கூடவே போனார். மருத்துவமனை ஊழியர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வலிக்கும் என்று பயந்து அவர் தட்டிக் கழித்திருந்தார். காய்ச்சல் வந்தபோது மலேரியா என்றார்கள், கொப்புளம் கிளம்பியபோது சின்னம்மை என்றார்கள். பெரியம்மை என்று தெரிந்ததும் அவரோடு பழகிய 161 பேரைத் தேடிப் பிடித்தார்கள். இரண்டு வாரத்தில் 54,000-க்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்தினார்கள். மாலின் பிழைத்துக்கொண்டார். இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி மனிதர் அவர்தான். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேரைக் கொண்டுபோன நோய், ஒரு சமையற்காரரோடு நின்றது.

இதன் செலவுக் கணக்குதான் எனக்கு வாயேஜரைவிட வியப்பு.

1966-ல் உலக சுகாதார அவையில் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் ஒதுக்கலாமா என்று வாக்கெடுப்பு. தேவைப்பட்டதைவிட இரண்டே வாக்கு கூடுதலாகப் பெற்றுத் தேறியது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கியபோது நோய் 31 நாடுகளில் குடியிருந்தது. ஆண்டுக்கு 1 கோடி முதல் 1.5 கோடிப் பேருக்கு வந்து, 20 லட்சம் பேரைக் கொன்றது. 1979 வரை ஆன மொத்தச் செலவு ஏறக்குறைய 30 கோடி டாலர். அதில் வெளியிலிருந்து வந்தது மூன்றில் ஒரு பங்கு, 9.8 கோடி. மீதி 20 கோடியை நோய் இருந்த நாடுகளே போட்டன. அதாவது ஏழைகள் போட்டார்கள். சோவியத் ஒன்றியம் காசாக இல்லாமல் பொருளாகக் கொடுத்தது: 140 கோடி தவணைக்கும் மேல் உலர்த்திய மருந்து. திட்டத்தை நடத்தியவர் டி.ஏ. ஹெண்டர்சன், அமெரிக்கர். யெனா கண்ணாடியும் அமெரிக்க விமானமும் போல இங்கேயும் அதே சேர்க்கை.

சில்லறைச் செலவுகளில் ஒன்று: நுனி இரண்டாகப் பிளந்த ஊசி. 1,000 ஊசிக்குச் சுமார் 5 டாலர், கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பிளவுக்குள் தொங்கும் ஒரு துளியே போதும் என்பதால் பழைய முறைக்கு ஆன மருந்தில் கால் பங்கு ஆனது; கையிருப்பு நான்கு மடங்கு பெருகியது. பெஞ்சமின் ரூபின் கண்டுபிடித்தது. அவர் வேலை பார்த்த வயெத் நிறுவனம் இந்தத் திட்டத்திடம் உரிமத்தொகை கேட்கவில்லை.

இந்தியாவின் வரி தனி. 1974-ல் இங்கே 1.88 லட்சம் பேருக்கு வந்து 31,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு மே மாதம் கடைசி நோயாளி. இடையில் நடந்தது வீடு வீடாகத் தேடல். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 கோடி வீடுகள். அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் காட்டி, இப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார்கள். துப்புக் கொடுத்தவருக்கான பரிசு படிப்படியாக ஏறி 1,000 ரூபாயில் நின்றது. அம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி வாய் திறக்காமல் இருக்கும் ஊர்களில், வந்தது பெரியம்மையா சின்னம்மையா என்று கேட்டு வாங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. இன்று ஐம்பதைத் தாண்டியவர்களின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். சின்னவர்கள் தங்கள் தோளில் இருப்பதும் அதுதான் என்று காட்டுவார்கள். அது காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி.

30 கோடி டாலரை 13 ஆண்டுக்கும், அன்றைய உலகின் 400 கோடிப் பேருக்கும் வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு அரை சென்ட்டைச் சற்றுத் தாண்டும். திட்டம் இல்லாமல் 1967-ன் சாவு வீதமே தொடர்ந்திருந்தால் 1978-லிருந்து 2024 வரை 47 ஆண்டில் 9.4 கோடிப் பேர். ஓர் உயிருக்கு 3 டாலர் 20 சென்ட். முரட்டுக் கணக்கு, திட்டம் இல்லாவிட்டாலும் தடுப்பூசி பரவி நோய் குறைந்திருக்கும் என்பவர்களுக்காக உயிர்களைப் பாதியாக்குகிறேன். அப்போதும் 6 டாலர் 40 சென்ட்தான். அமெரிக்கா தான் கொடுத்த பங்கை 26 நாளுக்கு ஒரு முறை திரும்பப் பெறுகிறது என்று ஒரு மதிப்பீடு உண்டு. தன் மக்களுக்குக் குத்த வேண்டியதும் துறைமுகத்தில் சோதிக்க வேண்டியதும் மிச்சம்.

ஆக வானத்துக்கு 86.5 கோடி, பெரியம்மைக்கு 30 கோடி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. "பார்த்தீர்களா, நோய்க்கு ஒன்று, கோளுக்கு மூன்று" என்று யாராவது எழுந்து நிற்பார்கள். ராக்கெட் கிளம்பும் நாள்தோறும் டீக்கடையில் எழும் கேள்விதான்: இங்கே சோற்றுக்கு வழியில்லை, அங்கே நிலாவா? சந்திரயான்-3-க்குச் சொல்லப்பட்ட செலவு 615 கோடி ரூபாய். 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 4 ரூபாய் 39 காசு. கேள்வி கேட்டவர் கையில் இருக்கும் டீக்கு அது காணாது.

எனக்கு அந்தக் கேள்வி மேல் கோபம் இல்லை, அது பார்க்கும் பக்கத்தின் மேல்தான். இரண்டு சில்லறைச் செலவுகளை எதிரெதிரே நிறுத்திப் பெரிய செலவைத் திருப்பிப் பார்க்காமல் விடுகிற கணக்கு அது. பெரிய செலவு இதோ: 2024-ல் உலக நாடுகள் படைக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். மணிக்கு 31 கோடி. பழைய டாலரை அப்படியே ஒப்பிட்டால் பெரியம்மை ஒழிப்பு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அது நேர்மையல்ல. 1967-ன் ஒரு டாலர் 2024-ல் 9 டாலர் 40 சென்ட்; செலவு முழுவதும் அந்த முதல் ஆண்டிலேயே நடந்ததாக வைத்துக்கொண்டாலும் 282 கோடி, 9 மணி நேரம். வாயேஜருக்கும் அதே கெடுபிடி: 1972 விலையில் 7.5 மடங்கு, சுமார் 649 கோடி, 21 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 30 மணி நேரம். திங்கள் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் செவ்வாய் நண்பகலுக்கு முடிந்துவிடும்.

வானத்தின் கணக்கில் இன்னொரு செலவும் உண்டு. பார்க்கக் கட்டணம் இல்லை. பார்க்க முடியாமல் செய்வதற்குத்தான் மின் கட்டணம். 2016-ல் வெளியான உலக வரைபடத்தின்படி மனிதர்களில் 83 விழுக்காட்டினர் ஒளி மாசுபட்ட வானத்தின் கீழ் இருக்கிறார்கள்; மூன்றில் ஒருவருக்கும் மேல் பால்வீதி தெரியாது. 2011 முதல் 2022 வரை தன்னார்வலர்கள் எண்ணி அனுப்பிய கணக்கில் வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடுகிறது. குழந்தை பிறந்தபோது 250 நட்சத்திரம் தெரிந்த இடத்தில், அது 18 வயதில் எண்ணினால் 100.

காவலூருக்கும் வாயேஜருக்கும் இன்னொரு முறை கணக்கு நேரானது. 1986 ஜனவரி 6 அன்று காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அங்கே வானாய்வகத்தை எழுப்பி, 1982-ல் மறைந்த வைணு பாப்புவின் பெயர் அதற்கு. பதினெட்டு நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, வாயேஜர் 2 யுரேனஸின் மேகங்களுக்கு 81,500 கி.மீ. மேலே பறந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நட்சத்திரத்தின் கண்சிமிட்டலாக மட்டும் தெரிந்த வளையங்களைக் கிட்டப் போய்ப் படம் பிடித்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் தேடிய வகையிலும் வரவு இருந்தது: பத்துப் புதிய துணைக்கோள்கள்.

1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 கடைசியாக 60 படங்கள் எடுத்தது. 600 கோடி கி.மீ. தொலைவிலிருந்து பூமி ஒரு புள்ளியின் 0.12 பங்கு. கொஞ்ச நேரத்தில் காமிராவை அணைத்துவிட்டார்கள். மின்சாரமும் நினைவகமும் மிச்சம். அந்தப் புள்ளியில் பெரியம்மைக் கிருமியின் அறிவிக்கப்பட்ட கையிருப்பு அப்போது இரண்டு நாடுகளின் ஆய்வகங்களில் மட்டும், உறைநிலையில். இன்றும் அவ்வளவே: அட்லாண்டாவில் ஒன்று, ரஷ்யாவின் கோல்ட்சோவோவில் ஒன்று.

மாலின் பின்னாளில் இளம்பிள்ளைவாதத் தடுப்புப் பணிக்குத் தன்னார்வலராகப் போனார். குழந்தைக்குச் சொட்டு மருந்து வேண்டாம் என்று கதவைச் சாத்தும் தாய்மாரிடம் தன் கதையைச் சொல்வார்: ஊசிக்குப் பயந்தேன், கடைசி ஆளானேன். 2013-ல் சோமாலியாவில் அந்த நோய் திரும்பியபோது மறுபடியும் மெர்க்காவில் வேலைக்கு இறங்கினார். இடையில் காய்ச்சல். இந்த முறை மலேரியாவேதான். ஜூலை 22 அன்று இறந்தார். மலேரியா 2023-ல் கொன்றவர்கள் 5,97,000 பேர். மருந்து தோய்த்த கொசுவலை ஒன்று வீட்டுக்கு வந்து சேரச் சுமார் 5 டாலர்.

மாலின் இறந்த 52-ஆம் நாள், செப்டம்பர் 12 அன்று, நாசா அறிவித்தது: வாயேஜர் 1 சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளிக்குள் போய்விட்டது. கடந்தது உண்மையில் முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 25. அதை நேரடியாக அளக்க வேண்டிய கருவி 1980-லேயே பழுதாகிவிட்டதால், வேறு வழியில் சரிபார்க்க ஓராண்டு ஆனது.