புள்ளி விழாமல் கார் கழுவும் கருவி: பாறசாலைக் கிணற்றுக்கு அது தேவையா?

கறுப்புக் கார் வாங்கியவர்களுக்குத்தான் இந்தக் கவலை முதலில் வரும். காலையில் ஓஸ் பிடித்து மெனக்கெட்டுக் கழுவி, முற்றத்தில் அப்படியே விட்டுவிட்டு, சாயா குடித்து முடித்து வெளியே வந்தால் பானட் முழுவதும் வெள்ளைப் புள்ளி. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வளையம். நடுவில் அவ்வளவாக ஒன்றும் இருக்காது, விளிம்பு மட்டும் கோலப்பொடியால் சுழித்ததுபோல் அழுத்தமாகத் தெரியும். விரலால் தேய்த்தால் மங்கும், போகாது.

பாறசாலைக்கு அருகே, களியக்காவிளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கட்டியிருக்கும் என் சித்தி மகன் போன மாதம் ஒரு படத்தை அனுப்பினான். ஓஸில் மாட்டும் ஒரு குழல். இதன் வழியே வரும் தண்ணீரில் கழுவினால் துடைக்கவே வேண்டாம், புள்ளி விழவே விழாது என்று விளம்பரம். "அண்ணா, இந்த சாதனம் வாங்கலாமா? பைசா வெறுதே போயிருமா?" என்று கேட்டிருந்தான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. தமிழக-கேரள எல்லைப்புறத்துக் கிராமங்களில் இப்போது நிறைய வீடுகளில் கார் நிற்கிறது, பெரும்பாலான வீடுகளில் கிணறு இருக்கிறது, இந்தக் கருவிகளும் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. அவனுக்குச் சொன்ன பதிலை இன்னும் விரிவாக இங்கே சொல்கிறேன்.

முதலில் புள்ளி எதனால் விழுகிறது என்று பார்ப்போம். அது அழுக்கு அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்றவற்றின் உப்புகளும் சிறிது சிலிக்காவும்தான் புள்ளியாகின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், இவை ஆவியாகாது, நின்ற இடத்திலேயே படிந்துவிடும். கணக்குப் போட்டால் எளிதாகப் புரியும். ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் உப்பு கரைந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். டிடிஎஸ் 500 என்று சொல்வது இதைத்தான். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20 சொட்டு. அப்படியானால் ஒரு சொட்டில் இருப்பது ஒரு மில்லிகிராமில் நாற்பதில் ஒரு பங்கு. தூசி அளவுகூட இல்லை. ஆனால் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புப் பெயிண்டில் அதுவே பளிச்சென்று தெரிகிறது. வெள்ளைக் காரிலும் அதே புள்ளி அதே எண்ணிக்கையில் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

அது ஏன் வளையமாக விழுகிறது? சொட்டின் விளிம்பு தகட்டில் ஒட்டி நிற்பதால் சுருங்காது. அந்த விளிம்பில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, போகும்போது கையில் உள்ளதையெல்லாம் கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுகிறது. மேசையில் சிந்திய காப்பி ஓரத்தில் மட்டும் கறுத்துக் காய்வதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள்.

ஆக, புள்ளி விழாமல் இருக்க இரண்டே வழி. தண்ணீரில் உப்பு இருக்கக்கூடாது. அல்லது தண்ணீர் காரின் மேல் நின்று காயக்கூடாது. விற்பனைக்கு வரும் எந்தக் கருவியையும் இந்த இரண்டில் எதைச் செய்கிறது என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

பேட்டரியில் ஓடும் தண்ணீர்த் துப்பாக்கி, பிரஷர் வாஷர், நுரை பீய்ச்சும் குப்பி மூன்றும் இரண்டையுமே செய்வதில்லை. சேற்றைக் கழற்ற அவை நல்லவை. ஓஸைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிடத் தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் வேகமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் தண்ணீரில் இருக்கும் உப்பு அவ்வளவேதான். கரி நிரப்பிய குழல் குளோரின் வாசனையை எடுக்கும், உப்பை எடுக்காது. வாஷிங் மெஷினுக்கு மாட்டும் பாஸ்பேட் உருண்டைக் குழல் கால்சியத்தைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடும், வெளியேற்றாது. குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டும் கருவியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: காந்தம் தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை. சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. கருவிக்கு முன்னால் ஒரு தம்ளர், பின்னால் ஒரு தம்ளர் பிடித்து அளந்து பாருங்கள். எண் குறையவில்லையென்றால் உப்பு எங்கும் போகவில்லை, உங்கள் பணம்தான் போயிருக்கிறது.

கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் கொஞ்சம் வேறு கதை. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. அதனால் மீட்டரில் எண் பெரிதாக மாறாது, புள்ளியும் விழும். ஆனால் அந்தப் புள்ளி ஈரத்துணி பட்டதும் கரைந்து போய்விடும், சுண்ணாம்புபோல் பிடித்துக்கொள்ளாது. பாதி வேலை செய்கிறது என்று சொல்லலாம்.

உண்மையாகவே வேலை செய்யும் கருவி ஒன்று இருக்கிறது. அயனி நீக்கிய தண்ணீர் தரும் ரெசின் குழல் அது. உள்ளே சவ்வரிசியைவிடச் சின்னதான உருண்டைகள் இரண்டு வகையில் கலந்து கிடக்கும். ஒரு வகை கால்சியம், மக்னீசியம், சோடியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடும். மற்றது குளோரைடு, சல்பேட், பைகார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விடும். விட்ட இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். கரைந்திருந்த உப்பு போய்த் தண்ணீர் மட்டும் மிஞ்சுகிறது. மீட்டரில் எண் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 2004இல் அமெரிக்காவில் 'மிஸ்டர் கிளீன் ஆட்டோட்ரை' என்ற பெயரில் வீட்டிலேயே கார் கழுவும் கருவி ஒன்றை விற்கத் தொடங்கியது. அதில் இருந்ததும் இதே வகை வடிகட்டிதான். கூடவே, தண்ணீரைச் சொட்டாக நிற்கவிடாமல் தகடுபோல் வழியவைக்கும் ஒரு சோப்பு. தத்துவம் சரியானது. வடிகட்டியும் சோப்பும் தீரத்தீர வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலின் அளவை நாமே கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் கலப்பு ரெசின் தோராயமாக 25 கிராம் உப்பைப் பிடிக்கும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய காரைக் கடைசியாக ஒருமுறை அலச 20 முதல் 25 லிட்டர் வேண்டும். உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் 100 என்றால் ஒரு லிட்டர் ரெசின் 250 லிட்டர் தண்ணீர் தரும், பத்துத் தடவை அலசலாம். டிடிஎஸ் 500 என்றால் 50 லிட்டர், இரண்டு தடவை. சென்னைப் புறநகரின் சில ஆழ்குழாய்கள்போல் 1,500 என்றால் ஒரு கார்கூட முழுதாக முடியாது. எங்கே புள்ளி அதிகம் விழுகிறதோ அங்கே கருவி சீக்கிரம் செத்துவிடுகிறது. எங்கே கருவி நீண்டநாள் உழைக்குமோ அங்கே புள்ளியே குறைவு. விளம்பரத்தில் வராத விஷயம் இதுதான், வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்.

இனி நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். இங்கே தண்ணீரை 'வெள்ளம்' என்றுதான் சொல்வார்கள். 1956 நவம்பர் 1இல் எல்லை பிரிந்தபோது விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் எல்லைக்கோடு மண்ணைப் பிரிக்கவில்லை. அந்தப் பக்கம் இஞ்சிவிளையில் நின்றாலும் இந்தப் பக்கம் களியக்காவிளையில் நின்றாலும் காலடியில் இருப்பது செம்மண்ணும் வெட்டுக்கல்லும்தான். இடவப்பாதி, துலாமழை என்ற இரண்டு பருவமழையும் ஆண்டுதோறும் கொட்டி, இந்தக் கல்லில் கரையக்கூடியதையெல்லாம் காலங்காலமாகக் கழுவிக் கொண்டுபோய்விட்டன. அதனால் திறந்த கிணற்று வெள்ளத்தில் உப்பு பொதுவாகக் குறைவு, சற்றுப் புளிப்புத் தன்மைகூட உண்டு. இந்த ஊரில் சோப்பு எப்படி நுரைக்கிறது என்று பாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து விருந்துக்கு வருபவர்கள் குளித்துவிட்டு, உடம்பிலிருந்து சோப்பு போகவே மாட்டேன் என்கிறது என்பார்கள். மென்னீரின் அடையாளம் அது. இப்படிப்பட்ட கிணறு உள்ள வீட்டுக்கு ரெசின் குழல் தேவையே இல்லை.

அப்படியென்றால் என் தம்பியின் காரில் புள்ளி எங்கிருந்து வந்தது? அவன் கிணற்றிலிருந்து கழுவவில்லை. வீடு கட்டும்போது தோண்டிய போர்வெல்லிலிருந்து கழுவினான். பாறைக்குள்ளிருந்து வரும் அந்தத் தண்ணீர் வாளியில் பிடித்தபோது தெளிவாகத்தான் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் அடியில் துருநிறத்தில் மெல்லிய படிவு. காற்றுப் படாதவரை இரும்பு நிறமில்லாமல் கரைந்து கிடக்கும், காற்றுப் பட்டதும் துருவாகி இறங்கும். வெள்ளைக் காராக இருந்தால் கதவு இடுக்கில் மஞ்சள் கோடாகவே தெரிந்திருக்கும். இரும்புத் தண்ணீரை ரெசினில் விட்டால் உருண்டைகளின் மேல் துரு படிந்து, உப்பைப் பிடிக்கும் திறனும் போய்விடும். இந்த வீட்டுக்குக் கருவி வாங்குவது இரட்டை நஷ்டம். பக்கத்திலேயே கிணறு இருக்கிறது, மோட்டார் குழாயை அதற்கு மாற்றிக்கொள் என்றேன்.

பூவாறு, பொழியூர் போன்ற கடலோர ஊர்களின் நிலை வேறு. நெய்யாறு கடலில் சேரும் பகுதி அது. கோடையில் கிணற்றில் உப்பு ஏறும், அங்கே புள்ளி கட்டாயம் விழும். மேலே சொன்ன கணக்குப்படி ரெசினும் சீக்கிரம் தீரும். அவர்களுக்கு நான் சொல்வது மழைத்தண்ணீர். வானத்திலிருந்து விழும்போது அதில் உப்பு மிகக் குறைவு. முதல் பத்து நிமிட மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடியுள்ள டிரம்மில் பிடித்துவையுங்கள். ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ நல்லது. புதிய கான்கிரீட் மாடியிலிருந்து வரும் மழை வழியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். ஏசி உள்ள வீட்டில் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீரும் ஏறக்குறைய வாலை வடித்த நீர்தான். நம் ஊரின் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் சொட்டும், இரவு முழுக்க ஓடினால் காலையில் அரை வாளியளவு கிடைக்கும். குடிக்க ஆகாது, காரை அலச அருமையானது.

இங்கே ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பலர் கார் கழுவுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் மெஷின் குடிநீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் சேர்ந்திருக்கிறது. சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் அதை ஊற்றுங்கள், பானட்டின் கடைசி அலசலுக்கு மட்டும் வேண்டாம்.

இரண்டாவது வழி, தண்ணீரைக் காயவிடாமல் எடுப்பது. எந்தத் தண்ணீருக்கும் இது பலிக்கும். வெயில் ஏறுமுன் கழுவுங்கள். வெயிலில் நின்ற தகடு தொட்டால் சுடும், ஒரு பக்கம் அலசுவதற்குள் மறுபக்கம் காய்ந்துவிடும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். கடைசி அலசலில் நாசிலைக் கழற்றிவிட்டு ஓஸிலிருந்து தண்ணீரை மெதுவாக வழியவிட்டால் அது தகடுபோல் இறங்கும், பெரும்பகுதி தானே ஓடிவிடும். மிச்சத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். பழைய முண்டு, பனியன் துணி வேண்டவே வேண்டாம், அவற்றில் சிக்கிய மண் பெயிண்டில் கீறல் போடும். கண்ணாடியின் ரப்பர் ஓரம், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் இவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும் தண்ணீர் பத்து நிமிடம் கழித்து வழியும். துணியோடு இன்னொரு சுற்று வந்துவிடுங்கள். மொத்தம் கால் மணி நேர வேலை.

ஏற்கெனவே விழுந்த சுண்ணாம்புப் புள்ளிக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒத்திவைத்து, உடனே நன்றாக அலசிவிடுங்கள். வெயிலில் செய்யக்கூடாது, காயவும் விடக்கூடாது. அதற்கும் போகாதது பெயிண்டின் மேல்பூச்சை அரித்திருக்கலாம், அல்லது சிலிக்காவாக இருக்கலாம். பாலிஷ் போடத் தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது.

இன்னொன்று எனக்குப் புள்ளியைவிட முக்கியம். பெங்களூரில் 2024 மார்ச்சில் தண்ணீர் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. நமக்கு அந்த நிலை இல்லை, கிணறு நிறைய இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கார் நிற்பதும் கிணற்றை ஒட்டித்தான். வெட்டுக்கல் ஓட்டைகள் நிறைந்த கல், முற்றத்தில் ஊற்றும் சோப்பும் எண்ணெய்க்கசடும் அதன் வழியாக இறங்கி ஊற்றில் சேரும். கழிவுக்குழி கிணற்றிலிருந்து 7.5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று கேரளக் கட்டட விதி சொல்கிறது. கார் கழுவுவதற்கு அப்படியொரு விதி எழுதப்படவில்லை என்றாலும் அதே தூரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். தம்பியிடம் அதைச் சொன்னேன். இப்போது அவன் ஞாயிறு காலையில் காரைக் கிழக்குப்பக்கத்துத் தென்னைகளின் நடுவே தள்ளி நிறுத்தி, கிணற்றிலிருந்து இரண்டு வாளி கோரி வைத்துக்கொண்டு கழுவுகிறான். கடைசி அலசலுக்கு ஏசிக்கு அடியில் வைத்த வாளி.