வீட்டுப் பெயரின் இடத்தில் ஒரு பள்ளியின் பெயர்

கேரளத்தில் பாரதப்புழைக் கரையிலுள்ள செறுதுருத்தியில் இயங்கிவரும் கேரள கலாமண்டலம், ஆதரவின்றி நலிந்துகொண்டிருந்த கதகளியைக் காக்கும் நோக்குடன் கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்த ராஜாவும் 1930-இல் நிறுவிய கலைப்பள்ளியாகும். அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே செவிப்புலனை இழந்துவிட்ட வள்ளத்தோள், செண்டையும் மத்தளமும் முழங்க ஆடப்படும் ஒரு கலைக்காக லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் திரட்டினார் என்பது வியப்புக்குரியது. குன்னங்குளத்தில் தொடங்கிய பள்ளி, சில ஆண்டுகளுக்குப் பின்னரே செறுதுருத்தியில் நிலைகொண்டது; 1941-இல் கொச்சி அரசின் பொறுப்புக்கு மாறியது.

அதுவரை கதகளியை வளர்த்தவை, நிலவளம் மிக்க நம்பூதிரி, நாயர் இல்லங்கள் தம் செலவில் பேணிய களரிகள், அதாவது பயிற்சிக்கூடங்கள். அவ்வில்லங்களின் வருவாய் குன்றியபோது ஆட்டக்குழுக்களும் கலைந்தன. அந்தக் களரியைப் பள்ளிக்குள் கொண்டுவந்த கலாமண்டலம், பாடத்திட்டம் வகுத்தபோதும் பழைய கடுமையைத் தளர்த்தவில்லை: விடியுமுன் கண்ணசைவுப் பயிற்சி, மழைக்காலத்தில் உடலெங்கும் எண்ணெய் பூசி ஆசான் காலால் அழுத்தித் தேய்க்கும் உழிச்சில், பாட்டுக்கு ஏற்ப வேடமின்றி ஆடிப் பழகும் சொல்லியாட்டம் ஆகியவை தொடர்ந்தன. ஆசான் பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன் அங்கே கற்பித்த கல்லுவழிச் சிட்டை என்னும் ஆட்டமுறையே பின்னர் மேலோங்கியது. கலை பிழைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் பிற ஆட்டமுறைகள் ஒதுங்க நேர்ந்ததற்கு இந்த வெற்றியும் ஒரு காரணம் என்றே கருத வேண்டும்.

கேரளக் கலைஞர் பலர் தம் பெயருக்கு முன் வீட்டுப் பெயரையோ ஊர்ப் பெயரையோ இட்டுக்கொள்வது வழக்கமாயிருக்க, இங்கே பயின்றவர்கள் கலாமண்டலம் ராமன்குட்டி நாயர், கலாமண்டலம் கோபி எனப் பள்ளியின் பெயராலேயே அறியப்பட்டனர். பிறப்பைச் சுட்டாத அந்த முன்னொட்டைப் பெற்ற கதகளிப் பாடகர்களுள் ஒருவர் இசுலாமியரான கலாமண்டலம் ஹைதரலி. ஆயினும் கதகளி ஆடப்படும் கோயில்கள் சில அவரை உள்ளே பாட விடவில்லை. சாக்கியார் குலத்தார் வழிவழியாகக் காத்த சமசுகிருத நாடகமான கூடியாட்டத்துக்கு, 1965-இல் பைங்குளம் ராம சாக்கியாரை ஆசிரியராகக் கொண்டு தனித்துறை தொடங்கப்பட்டபோது, அக்குலத்துக்கு வெளியே பிறந்தவர்களும் அதைக் கற்க வழி பிறந்தது.

சாதி எல்லையை இவ்வளவு முன்னதாகவே தளர்த்திய பள்ளி, பால் எல்லையைத் தளர்த்த மிகவும் தாமதித்தது. கதகளி வகுப்பில் மாணவியர் 2021-இல்தான் சேர்க்கப்பட்டனர். தொடக்கக் காலம் முதல் பெண்களுக்கே கற்பிக்கப்பட்ட மோகினியாட்டத்தை ஆண்களுக்கும் கற்பிக்க 2024-இல் முடிவாயிற்று.