காது கேளாவிட்டால் கல்லூரிக் கதவு அடைபடுமா?

ஆரணி என்றதும் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக அரிசி. கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் தறி இல்லாத நெசவாளர் தெரு இல்லை. "சடக், சடக்" என்று காலையில் எழும் தறிச் சத்தம் இருட்டிய பிறகுதான் ஓயும்.

அந்தச் சத்தம் காதில் விழாத பிள்ளைகளும் இந்த உலகில் இருக்கிறார்கள். 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் காது கேட்பதில் குறை உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர்.

இவர்கள் வீட்டுப் பெற்றோருக்கு ஒரே கவலைதான். "நம் பிள்ளை பிழைக்க வழி என்ன? மேல் படிப்புக்கு இடம் கிடைக்குமா?"

இடம் உண்டு. ஆனால் வழி குறுகலானது. அந்த வழி இருப்பதே பல பேருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

தறி இருக்கிறதே, போதாதா?

ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக் கொள்வோம். 15 வயதுப் பையன். அவனுக்குக் காது கேளாது. ஆனால் கண் கூர்மை; கை சுறுசுறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றிக் கொடுப்பான். அறுந்த இழையை நொடியில் முடிந்து விடுவான்.

பக்கத்து வீட்டு அம்மாள் என்ன சொல்வாள்?

"இவனுக்கு எதுக்குக்கா பெரிய படிப்பு? தறியிலே உட்கார வைச்சிட்டா பொழைச்சுக்குவான்."

அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நெசவுக்குக் கண்ணும் கையும் காலும் போதும். காது தேவை இல்லை. நெசவு கௌரவமான தொழில். அதைச் செய்வதில் குறைவு ஒன்றும் கிடையாது.

ஆனால், "இவனுக்கு இதைத் தவிர வேறு எதுவும் வராது" என்று நாமே முடிவு செய்து விடுகிறோமே, அதுதான் தவறு!

கூலிக் கணக்கைப் படிக்க வேண்டும். வாங்கிய முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிய வேண்டும். படிப்பு இல்லாவிட்டால் தறி தெரிந்தவனும் ஏமாந்துதான் போவான். காது கேட்பவனாவது நாலு பேரிடம் விசாரித்துக் கொள்வான். காது கேளாதவனுக்கு எழுத்துதான் துணை.

அமெரிக்கா தரும் பாடம்

தொழிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று நல்ல உதாரணம்.

அங்கே ஒரு காலத்தில் காது கேளாதவர்கள் பலர் பத்திரிகை அச்சுக் கூடங்களில் வேலை பார்த்தார்கள். காது கேளாதோர் பள்ளிகளிலேயே அச்சுக் கோக்கக் கற்றுக் கொடுத்தார்கள். எந்திரங்களின் இரைச்சல் மற்றவர்களுக்குத் தலைவலி. இவர்களுக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. நல்ல சம்பளம் கிடைத்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1970-ம் ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும் ஈய எழுத்துகள் மூலைக்குப் போயின. வேலைகளும் மறைந்தன. மேல் படிப்பு உள்ளவர்கள் வேறு தொழிலுக்கு மாறிக் கொள்ள முடிந்தது. ஒரே தொழிலை நம்பி இருந்தவர்கள் திண்டாடினார்கள்.

பட்டு நெசவிலும் மாற்றம் வந்து கொண்டுதான் இருக்கிறது. விசைத்தறி வந்து விட்டது. சேலையின் கரையில் வரும் மயிலும் மாங்காயும் முன்பு கட்டம் போட்ட தாளில் வரையப்பட்டன. இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். நெய்யத் தெரிந்தவனுக்கு இந்தப் படிப்பும் சேர்ந்தால் எவ்வளவு பலம்!

வாயில் குறை இல்லை

காது கேளாத குழந்தையை "ஊமை" என்று சொல்வது நம் பழைய வழக்கம். இது சரியல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொண்டையிலும் நாக்கிலும் எந்தக் கோளாறும் இல்லை. பேச்சைக் கேட்டால்தானே பேச வரும்? கேளாததால் பேச்சு வரவில்லை. அவ்வளவுதான்.

அறிவிலும் குறைவு கிடையாது. குறைவது மொழி. முதல் ஐந்து ஆண்டுகளில் குழந்தைக்கு ஒரு மொழி வந்து விட வேண்டும். காது வழியாக வராவிட்டால் கண் வழியாக வர வேண்டும். அதற்குத்தான் சைகை மொழி. அது வெறும் கை ஆட்டம் அல்ல. இலக்கணம் உள்ள முழு மொழி.

இதை உலகம் ஒப்புக் கொள்ள வெகு காலம் ஆயிற்று. 1880-ம் ஆண்டில் இத்தாலி நாட்டில் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு ஒன்று நடந்தது. "காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வேண்டாம், வாய்ப் பேச்சு மட்டுமே போதும்" என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதன் பலனாகப் பல நாட்டுப் பள்ளிகளில் சைகை மொழி விரட்டப்பட்டது. பல தலைமுறைகள் இதனால் நஷ்டப்பட்டன.

லிங்கன் போட்ட கையெழுத்து

அதற்கு முன்பே அமெரிக்கா வேறு வழி காட்டியிருந்தது. 1864-ம் ஆண்டில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வாஷிங்டன் நகரில் காது கேளாதோர் கல்வி நிலையம் ஒன்று பட்டம் வழங்க அதனால் உரிமை கிடைத்தது. அதுதான் இன்று காலாடெட் பல்கலைக் கழகம்.

1988-ம் ஆண்டில் அங்கே மாணவர்கள் பெரிய கிளர்ச்சி செய்தார்கள். "எங்கள் பல்கலைக் கழகத்துக்குக் காது கேளாதவரே தலைவராக வேண்டும்" என்பது அவர்கள் கோரிக்கை. அதில் வெற்றியும் பெற்றார்கள்.

நம் நாட்டில் பம்பாயில் 1885-ம் ஆண்டிலும், கல்கத்தாவில் 1893-ம் ஆண்டிலும் காது கேளாதோர் பள்ளிகள் தோன்றின. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் 1895-ம் ஆண்டில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற பெண்மணி பள்ளி தொடங்கினார். பள்ளி வந்து விட்டது. ஆனால் கல்லூரி வர வெகு காலம் ஆயிற்று!

கடற்கரையில் ஒரு வகுப்பு

சென்னைக் கடற்கரையில் மாநிலக் கல்லூரி இருக்கிறது. 1840-ம் ஆண்டில் தோன்றிய கல்லூரி. நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன் படித்த இடம். அங்கே 2007-08 கல்வி ஆண்டில் காது கேளாத மாணவ-மாணவிகளுக்கு என்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் தொடங்கப்பட்டன. சர்க்கார் கல்லூரியில், சர்க்கார் கட்டணத்தில், சைகை மொழியில் பாடம்!

படித்தால் எவ்வளவு தூரம் போகலாம்? கோவையைச் சேர்ந்த ரஞ்சித் என்ற வாலிபரைப் பாருங்கள். அவருக்குக் காது கேளாது, பேச்சும் வராது. என்ஜினீயரிங் படித்தார். 2020-ம் ஆண்டின் ஐ.ஏ.எஸ். முதலிய பதவிகளுக்கான பரீட்சையைத் தமிழிலேயே எழுதினார். அகில இந்திய அளவில் 750-வது இடம் பெற்றார்!

2023-ம் ஆண்டு செப்டம்பரில் சாரா சன்னி என்ற பெண் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் சைகை மொழியில் வாதாடினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை நீதிபதிகளுக்கு எடுத்துச் சொன்னார். காது கேளாத வக்கீல் ஒருவரின் வாதத்தைச் சுப்ரீம் கோர்ட்டு இப்படிக் கேட்டது, நாடே வியந்த செய்தி ஆயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ம் ஆண்டில் நிறைவேறியது. சர்க்கார் கல்லூரிகளிலும், சர்க்கார் உதவி பெறும் கல்லூரிகளிலும் 100-க்கு 5 இடத்துக்குக் குறையாமல் மாற்றுத் திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சேரும் வயது வரம்பிலும் 5 ஆண்டு சலுகை உண்டு. சர்க்கார் உத்தியோகத்தில் 100-க்கு 4 இடம். அதில் 1 இடம் காது கேளாதவர்களுக்கும் காது மந்தமானவர்களுக்கும் உரியது.

40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று டாக்டர் சான்று கொடுத்தால் இந்தச் சலுகைகள் கிடைக்கும்.

அப்படியானால் தடை என்ன?

தடை மூன்று.

முதல் தடை, மொழிப் பாடம். தமிழ்நாட்டில் காது கேளாத மாணவர்கள் பொதுப் பரீட்சையில் ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்குப் பெறலாம். பரீட்சை எழுதக் கூடுதல் நேரமும் உண்டு. இது பாஸ் செய்ய உதவும் நல்ல சலுகை. ஆனால் ஆங்கிலத்தை அடியோடு விட்டு விட்டால் கல்லூரியில் கணக்கியல் புத்தகத்தையும் கம்ப்யூட்டர் புத்தகத்தையும் படிப்பது எப்படி? பரீட்சைக்கு விலக்கு வாங்கினாலும், படிப்புக்கு விலக்கு வாங்கக் கூடாது.

இரண்டாவது தடை, சைகை மொழி தெரிந்தவர்கள் குறைவு. சட்டப்படி ஊர்க் கல்லூரியில் இடம் கிடைக்கும். ஆனால் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவார். மாணவன் என்ன செய்வான்? பக்கத்து மாணவன் எழுதுவதைப் பார்த்து எழுதுவான். இது படிப்பா?

மூன்றாவது தடை, தூரம். ஆரணியிலிருந்து சென்னைக்கு பஸ் போகிறது. ஆனால் அங்கே தங்க இடம், சாப்பாட்டுச் செலவு? பெண் பிள்ளை என்றால் பெற்றோரின் தயக்கம் இரட்டிப்பு ஆகிறது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் தாமதம் செய்யாதீர்கள். உடனே சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும் சைகை மொழி கற்றுக் கொள்ளுங்கள். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10 ஆயிரம் சொற்கள் கொண்ட சைகை அகராதியை 2021-ம் ஆண்டில் வெளியிட்டது. சொற்களைப் படக் காட்சியாகப் பார்க்கலாம்; செல்போனிலேயே பார்த்துப் பழகலாம்.

ஊனச் சான்றும் அடையாள அட்டையும் முன்கூட்டியே வாங்கி விடுங்கள். மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள். கல்வி உதவித் தொகை பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

பத்தாம் வகுப்போடு நிறுத்த வேண்டாம். கல்லூரி பிடிக்காவிட்டால் தொழிற் படிப்பு இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் சில தொழில்களுக்கு எட்டாம் வகுப்பே போதும். சென்னை கிண்டியில் மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. நெசவையே விரும்பும் பிள்ளைக்குச் சேலத்தில் மத்திய சர்க்காரின் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் உண்டு. சாயம், நெசவு, டிசைன் எல்லாம் கற்று டிப்ளமா வாங்கலாம். தறிக் குழியில் இறங்கித் தொழில் கற்ற பிள்ளைக்கு அந்தப் படிப்பு அந்நியமாக இருக்காது.

சர்க்கார் செய்ய வேண்டியது

மாநிலக் கல்லூரியில் நடப்பது மற்ற ஊர்களிலும் ஏன் நடக்கக் கூடாது? திருவண்ணாமலை, வேலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அருகிலேயே ஒரு சர்க்கார் கல்லூரியில் இப்படி வகுப்பு வேண்டும். அதற்கு நாள் ஆகும் என்றால், கல்லூரிக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரையாவது நியமிக்கலாம். ஐ.டி.ஐ.க்களிலும் அப்படியே செய்யலாம். 100-க்கு 5 இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் உட்காரும் பிள்ளைக்குப் பாடம் புரிய வேண்டும்!

அந்த 15 வயதுப் பையன் நாளைக்குத் தறியிலேயே உட்காரலாம். கம்ப்யூட்டரில் சேலைக் கரை வரையலாம். பாங்கியில் கணக்கு எழுதலாம். எது என்பதை அவனே முடிவு செய்யட்டும். அதற்கு வேண்டிய படிப்பைக் கொடுப்பது நம் கடமை.