ஆசாரி வந்தார், மெஷினும் வந்தது!

செஞ்சியில் ராஜகிரி மலை தெரிகிற எங்கள் சமையலறையில் அலமாரி போட ஆசாரி வந்தார். கையில் ‘ஜிக்சா’ ரம்பம். ஒயர் முனையில் பிளக்கே இல்லை! இரண்டு கம்பியை சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் அடைத்தார். என் குழந்தை அந்த ஒயரை நோக்கியே தவழ, எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

“எத்தனை வருஷமா செய்யறேன், ஒண்ணும் ஆகாதும்மா!”

“பிள்ளை இழுத்துட்டா என்னண்ணே பண்றது?” என்றேன். பிளக் வாங்கி மாட்டின பிறகுதான் வேலை ஆரம்பம்.

மெஷினில் 230 வோல்ட், 600 வாட் என்று போட்டிருந்தது. மூன்று ஆம்பியருக்கும் குறைவு. நம்ம மிக்ஸி மாதிரிதான். 6 ஆம்பியர் பாயிண்டே தாங்கும். ஆனால் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடியே விட்டால் சூடேறும். முழுக்கப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டைக் காப்பு என்று அர்த்தம், டூ பின் போதும். இல்லையென்றால் எர்த்தோடு த்ரீ பின் அவசியம். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கியே ஆகணும்.

ஃப்யூஸ் ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. ஷாக் அடித்தால் கண நேரத்தில் கரண்டை நிறுத்துவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எங்கள் வீட்டில் அது இல்லை. அடுத்த சீட்டுப் பணம் அதற்குத்தான்!