ஃபார்ம் 16 மட்டும் இருந்தா ஆடிட்டர் தேவையா?

2025 ஆகஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்

இந்த சீசன்ல இன்பாக்ஸ் திறந்தாலே ஒரே கேள்விதான். "எனக்குச் சம்பளம் மட்டும்தான் வருமானம். ஃபார்ம் 16 கையில இருக்கு. ஆடிட்டர் 1,500 ரூபாய் கேக்குறார். கொடுக்கலாமா, நானே போட்டுடலாமா?" கடைசி தேதி இந்த முறை ஜூலை 31-லேர்ந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப் போனதால, கேள்வியும் ஆகஸ்ட் வரைக்கும் நீண்டுடுச்சு.

நீங்களே போடலாம். ஆனா அந்த "மட்டும்தான்" உண்மையா இருக்கணும். பாதிப் பேருக்கு அது உண்மை இல்ல, அவங்களுக்கே அது தெரியறதும் இல்ல.

அதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர்கிட்ட போக வேண்டாம். வருமான வரி போர்ட்டல்ல லாகின் பண்ணி ஏ.ஐ.எஸ். டவுன்லோட் பண்ணுங்க. உங்க பான் நம்பரை வச்சு பேங்க், கம்பெனி, மியூச்சுவல் ஃபண்டு எல்லாரும் உங்களைப் பத்தி வருமான வரித்துறைக்கு என்னென்ன சொல்லியிருக்காங்கன்னு காட்டுற லாக் ஃபைல் அது. பி.டி.எஃப். பாஸ்வேர்டு, பான் நம்பர் சின்ன எழுத்துல, அதோட பிறந்த தேதி, மாசம், வருஷம். திறந்தா முதல் பத்து நிமிஷத்துலயே ஏதாவது ஒண்ணு கண்ணுல படும். சேவிங்ஸ் அக்கவுண்ட் வட்டி, மறந்தே போன எஃப்.டி., எப்பவோ வாங்கின ரெண்டு ஷேருக்கு வந்த டிவிடெண்ட். இது எதுவும் உங்க ஃபார்ம் 16-ல இருக்காது, நீங்களா கம்பெனிக்குச் சொல்லியிருந்தாத் தவிர. "எஃப்.டி.க்குத்தான் பேங்க்ல டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்களே"ன்னு விட்டுடாதீங்க. அவங்க பிடிக்கிறது 10 சதவீதம். நீங்க 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா மீதியை நீங்கதான் கட்டணும்.

வருஷத்துக்கு நடுவுல வேலை மாறினவங்க கொஞ்சம் கவனிங்க. மாசம் ஒரு லட்சம் சம்பளம்னு வைங்க. ஆறு மாசம் ஒரு கம்பெனி, ஆறு மாசம் இன்னொண்ணு. பழைய சம்பளத்தைப் புது கம்பெனிக்குச் சொல்லல. 2024-25 நிதியாண்டு, புதிய வரி முறை. முதல் கம்பெனி வருஷத்துக்கு 12 லட்சம்னு கணக்குப் போட்டு, மொத்த வரி 71,500-ல பாதி, அதாவது 35,750 பிடிச்சிருக்கும். ரெண்டாவது கம்பெனிக்கு நீங்க 6 லட்சம் சம்பாதிக்கிற ஆள். 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கழிச்சா வரியே பூஜ்யம். ரெண்டு ஃபார்ம் 16-ம் தனித்தனியா பார்த்தா சரியாத்தான் இருக்கும். சேர்த்துப் பார்த்தா 35,750 ரூபாய் பாக்கி, மேல வட்டி வேற. இதுக்கும் ஆடிட்டர் தேவையில்ல. ரெண்டையும் கூட்டிப் போட்டு, வர்ற பாக்கியைக் கட்டிட்டு ரிட்டர்ன் போட்டா முடிஞ்சது.

அப்ப எதுக்குத்தான் ஆடிட்டர்? டைப் பண்றதுக்கு இல்ல. எது எந்த வகை வருமானம், எதை எங்க காட்டணும்னு ஒருத்தர் யோசிச்சு முடிவு எடுக்க வேண்டிய இடத்துக்கு.

ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்குறவங்க நிறைய பேர் மாட்டுறது ஆர்.எஸ்.யு.-ல. அமெரிக்கக் கம்பெனி ஷேர் உங்க பேர்ல வந்துடுச்சுன்னா, நீங்க ஒரு ஷேர்கூட விக்கலைன்னாலும் ஐ.டி.ஆர்-1 போட முடியாது. ஐ.டி.ஆர்-2-ல வெளிநாட்டுச் சொத்துன்னு ஷெட்யூல் எஃப்.ஏ.ல காட்டணும். அதுலயும் நம்ம ஏப்ரல்-மார்ச் கணக்கு கிடையாது, ஜனவரி-டிசம்பர். டிவிடெண்ட் வந்திருந்தா அங்க 25 சதவீதம் பிடிச்சிருப்பாங்க. அதை இங்க கழிச்சுக்க ஃபார்ம் 67 தனியா போடணும். காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டத்துல அபராதம் 10 லட்சம் வரைக்கும் போகலாம். 2024 அக்டோபர்லேர்ந்து, வீடு நிலம் தவிர்த்த சொத்து 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லன்னு மாத்தியிருக்காங்க. ஆனா காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கு. முதல் வருஷம் ஒரு நல்ல ஆடிட்டர்கிட்ட காசு கொடுத்துப் பண்ணுங்க, அவர் போட்ட ஷீட்டை வாங்கி வச்சுக்கங்க. அடுத்த வருஷம் நீங்களே போடுற தைரியம் வந்துடும்.

எஃப் அண்ட் ஓ, இன்ட்ராடே பண்றவங்களும் அப்படித்தான். அது பிசினஸ் வருமானம், ஐ.டி.ஆர்-3. நஷ்டம்தானேன்னு சும்மா இருக்காதீங்க. நேரத்துக்கு ரிட்டர்ன் போட்டாத்தான் அந்த நஷ்டத்தை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டு போக முடியும். வீடோ நிலமோ வித்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், நேரா ஆடிட்டர். மியூச்சுவல் ஃபண்டு மட்டும் வித்தவங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஈக்விட்டி ஃபண்டுல நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள்ள இருந்தா, இந்த வருஷத்துலேர்ந்து ஐ.டி.ஆர்-1 போதும். ஆனா குறுகிய கால லாபம் நூறு ரூபாய் இருந்தாக்கூட ஐ.டி.ஆர்-2.

இன்னொரு ரகம் இருக்கு. ஆஃபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல நம்பர் சுத்தும். "கட்டின வரியில முக்கால்வாசி ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், வர்றதுல 10 பர்சென்ட் எனக்கு." ரீஃபண்ட்ல பங்கு கேக்குறவர்கிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க. கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை, எடுக்காத இன்ஷூரன்ஸ் எல்லாம் உங்க பேர்ல ஏறும். 2025 ஜூலை 14-ம் தேதி வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடத்துல சோதனை போட்டது இந்த மாதிரி ஆளுங்களைத் தேடித்தான், அதுல தமிழ்நாடும் உண்டு. அதுக்கு முந்தின நாலு மாசத்துல மட்டும் சுமார் 40,000 பேர், 1,045 கோடி ரூபாய் பொய்க் கணக்கைத் தாங்களாவே வாபஸ் வாங்கியிருக்காங்கன்னு துறையே சொல்லியிருக்கு. மாட்டினா, ஏய்ச்ச வரியோட சேர்த்து அதுக்கு 200 சதவீதம் அபராதம் வரைக்கும் வரும். அந்தப் பில் உங்களுக்குத்தான் வரும், கமிஷன் வாங்கினவருக்கு இல்ல.

அந்த அறிவிப்புல என்னை உறுத்தினது வேற ஒரு வரி. இந்த ஏஜெண்டுகள் மொத்தமா ரிட்டர்ன் போடுறதுக்குன்னே தற்காலிக மெயில் ஐ.டி. உருவாக்கி, அப்புறம் கைவிட்டுடுறாங்களாம். நோட்டீஸ் வருது, படிக்க ஆளே இல்ல. சர்வர்ல எர்ரர் அலர்ட்டை யாருமே பார்க்காத மெயிலுக்கு அனுப்பி வச்ச கதைதான்.

அதனால, யார் உங்க ரிட்டர்னைப் போட்டாலும் சரி, சொந்தக்காரர் சி.ஏ.வா இருந்தாலும் சரி, இன்னைக்கு ராத்திரி போர்ட்டல்ல போய் புரொஃபைலைத் திறங்க. அங்க இருக்குற மெயிலும் மொபைல் நம்பரும் உங்களோடதான்னு பாருங்க. பாஸ்வேர்டு தெரியலைன்னா மாத்துங்க. ரிட்டர்ன் போட்டாச்சுன்னா 30 நாளுக்குள்ள ஆதார் ஓ.டி.பி. போட்டு ஈ-வெரிஃபை பண்ணணும். பண்ணலைன்னா போட்டதா கணக்கு இல்ல.

பழைய வரி முறையா புதுசா, வாடகை கட்டுறவங்களுக்கு எது லாபம்னு அடுத்த வாரம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபார்ம் 16-ஐ எடுத்து வச்சுக்கிட்டு வாங்க.