மின்சாரத்தைச் சேமிக்கும் நுண்பொடி

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நம் புதுக்கோட்டை மாவட்டம் பட்ட பாட்டை எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக ஒடிந்து விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஆழ்குழாய்க் கிணற்று நீரை மேலேற்ற வாடகை ஜெனரேட்டரை எதிர்பார்த்து மக்கள் குடத்துடன் காத்து நின்றனர். வளைகுடா நாட்டிலிருக்கும் பிள்ளைக்கு ‘நாங்கள் நலம்’ என்று ஒரு சொல் சொல்லவும் கைபேசியில் மின்னூட்டம் இல்லாமல் தவித்த வீடுகள் பல.

சற்றே எண்ணிப் பாருங்கள். புயல் ஓய்ந்தபின் சூரியன் வழக்கம்போல் உதித்தது. பகலெல்லாம் கூரைமேல் விழுந்த வெயிலில் ஒரு வீட்டின் இரவுத் தேவைக்குப் போதுமான ஆற்றல் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ளப் பாத்திரம் இல்லாததே குறை. மின்சாரத்தை உண்டாக்குவது இன்று அத்துணை அரிய வித்தையன்று. சேர்த்து வைப்பதுதான் வித்தை.

நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் இன்வெர்ட்டரின் அருகே வீற்றிருக்கும் கனத்த பேட்டரி, 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில மின்கலத்தின் வாரிசு. நம்பகமானதுதான், ஆயினும் எடை மிகுதி. அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அடிமட்டம் வரை தீர்த்துத் தீர்த்துப் பயன்படுத்தினால் விரைவில் ஓய்ந்துவிடும். அதற்குப்பின் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்து, எங்கோ திறந்த வெளியில் உருக்கப்படும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

இதற்கு மாற்றுத் தேடும் ஆய்வு ஏதோ அமெரிக்காவில் மட்டும் நடப்பதாக எண்ண வேண்டாம். திருமயம் வழியாகப் பேருந்து ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து அதனைக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். லித்தியம் மின்கலத்தை நம் நாட்டிலேயே உருவாக்கும் முயற்சியில் இந்நிறுவனத்தார் முன்னணியில் நின்றனர். அத்தொழில்நுட்பத்தைத் தொழில் துறைக்கு வழங்கும் ஒப்பந்தம் 2018 ஜூன் மாதம், கஜாவுக்கு ஐந்தே மாதங்கள் முன்பு, கையெழுத்தாயிற்று.

லித்தியம் மின்கலத்தின் உள்ளே நடப்பது யாது? ஒருபுறம் கரி, மறுபுறம் ஓர் உலோகச் சேர்மம். லித்தியம் அயனிகள் இவ்விரண்டுக்கும் இடையே தறியில் ஓடும் நாடாவைப் போல் போய்வருகின்றன. மின்னேற்றும்போது கரிக்குள் புகுகின்றன. விளக்கெரிக்கும்போது திரும்பி வருகின்றன. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கலத்தில் அந்தச் சேர்மம் கோபால்ட்டினால் ஆனது. விலை மிக்கது, சூடேறினால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

இங்கே நம் தமிழர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 1951-இல் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையில் வேதியியல் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் அவர்களே அவர். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் குட்இனஃப்புடன் சேர்ந்து, மலிவான இரும்பையே பயன்படுத்தும் சேர்மங்களின் வழியை 1980-களின் இறுதியில் திறந்தார். 2019-இல் குட்இனஃப்புக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயது முதியவரான அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். நம் இதழ்கள் இதனைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா?

அவ்வழியில் 1997-இல் குட்இனஃப் குழுவினர் வெளியிட்டதே லித்தியம் இரும்பு பாஸ்பேட். மலிவு, பாதுகாப்பு இரண்டும் அதற்கு உண்டு. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் படுசோம்பல்! பிந்திவந்த ஆய்வாளர்கள் அதை மிக நுண்ணிய பொடியாக்கிக் கரிப்பூச்சும் பூசினர். சோம்பல் பறந்தது.

நுணுக்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறீர்களா? கற்கண்டுக் கட்டியைப் பாலில் போட்டால் கரையக் காத்திருக்க வேண்டும். பொடித்துப் போட்டால் உடனே கரைந்துவிடும் என்பதை இல்லத்தரசிகள் அறிவர். ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கட்டியின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் அளவுள்ள துண்டுகளாக்கினால் பரப்பு 60 சதுர மீட்டராகிறது. ஒரு சிறு வீட்டின் தரையளவு! (ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர்.) இன்னொரு நன்மையும் உண்டு. துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால், அயனி உள்ளே சென்று சேரும் நேரம் நூறில் ஒரு பங்காகிறது. மின்கலம் விரைந்து நிரம்புவதன் இரகசியம் இது.

இதில் குறையே இல்லையா எனில், உண்டு. பரப்பு பெருகினால் வேண்டாத வேதிவினைகளும் பெருகும். நுண்பொடி இடத்தையும் கூடுதலாக அடைத்துக்கொள்ளும். செய்முறைச் செலவும் ஏறும். சூரியப் பலகைகளிலும் இந்நுண்மை புகுந்த கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

பழைய பேட்டரியை மாற்ற எண்ணுவோர் கடையில் ‘லித்தியம்’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். இரும்பு பாஸ்பேட்டா என்று கேளுங்கள். ஒரு கலத்துக்கு 3.2 வோல்ட் வீதம் அது அடுக்கப்படுவதால் மேலே 12.8 அல்லது 25.6 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது வழக்கம். விலை ஈயத்தைவிட அதிகந்தான். ஆனால் சில நூறு முறைக்குப் பதில் ஈராயிரம் முறைக்கு மேலும் ஏற்றி இறக்கலாம். தங்கள் வீட்டு இன்வெர்ட்டர் லித்தியத்தை ஏற்குமா என்பதையும் முன்னரே விசாரித்துக் கொள்ளுங்கள். ஈய பேட்டரிக்கென்றே அமைந்த சார்ஜர் இதற்கு ஒத்துவராது. ஈயத்தால் ஆன பழையதை விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். திரும்பப் பெற்று முறையாகக் கையாளும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.