பொட்டலைப் பொட்டலாக விடுங்கள்

அண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் புல்லும் புதரும் இல்லாத மணல் திட்டைக் கண்டால் 'காலி இடம்' என்கிறோம். கல் பதிக்கலாம், கன்று நடலாம், இடிபாட்டைக் கொட்டலாம் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் அப்படிப்பட்ட தரை ஏற்கெனவே குடியேறிய இடமாக இருக்கலாம். அதற்குச் சாட்சி புலிவண்டு.

இந்தியாவில் 200க்கும் மேற்பட்ட புலிவண்டு இனங்கள் உண்டு. 1912இலேயே பூச்சியியலாளர் ஃபௌலர் தம் நூலில் இவற்றை விவரித்தார். இவற்றில் ஜான்சேனியா என்ற பேரினம் பெரும்பாலும் இந்தியாவையும் இலங்கையையும் விட்டு வெளியே இல்லை. வெயில் கொதிக்கும் திறந்த தரையில் எறும்பையும் பூச்சியையும் துரத்திப் பிடிப்பது பல இனங்களின் பிழைப்பு. ஆஸ்திரேலிய உப்பேரிகளில் வாழும் ஒன்று நொடிக்கு 2.5 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்துக்குக் கண் ஈடுகொடுப்பதில்லை என்பதால், இவை ஓடுவதும் நிற்பதுமாக இரையை நெருங்கும். ஆனால் நம் வாதத்துக்கு முக்கியம் வண்டு அல்ல, அதன் புழு. குழிநரியைப் போல இது புனல்குழி பறிப்பதில்லை. செங்குத்தான வளைக்குள் இருந்து, தட்டையான தலையால் வாசலை மூடிபோல அடைத்துக் காத்திருக்கிறது. இரை அருகே வந்ததும் பாய்ந்து கவ்வும். எதிர்த்து இழுத்தாலும் முதுகுத் திமிலில் உள்ள கொக்கிகள் வளைச் சுவரைப் பற்றிக்கொள்ளும். தாய் முட்டையிட்ட இடமே அதன் உலகம். பல இனங்களில் இந்த வாழ்க்கை ஓராண்டுக்கும் மேல் நீள்கிறது. வண்டுக்குச் சிறகு இருக்கிறதே, வேறிடம் போகாதா என்று கேட்கலாம். வண்டு போகும். வளையில் இருக்கும் தலைமுறை கல்லுக்கடியில் புதையும்.

மரம் நடுவது தவறா என்பது கனமான கேள்வி. மொட்டையாய்க் கிடந்த இந்த மலையைப் பல ஆண்டுகளாகப் பசுமையாக்கியவர்களின் உழைப்பை மதிக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வெட்டப்பட்ட காட்டை மீட்பது வேறு, இயல்பாகவே திறந்திருக்கும் மணலை நிழலாக்குவது வேறு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், மண் சரியும் மொட்டைச் செங்குத்துக் கரைகளில் பியூரிட்டன் புலிவண்டின் புழுக்கள் வளை தோண்டுகின்றன. 1990இல் அந்த வண்டு அந்நாட்டின் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. சரிவைத் தடுத்துக் கரையைச் செடி மூடினால் அங்கே அந்தப் புழுவுக்கு இடமில்லை. ஒரு வண்டுக்காகவா இத்தனை என்போருக்கும் பதில் உண்டு. புலிவண்டு இனங்கள் மிகுந்த வட்டாரங்களில் பறவை, வண்ணத்துப்பூச்சி வகைகளும் மிகுந்திருக்கும் போக்கை 1992இல் ஆய்வாளர்கள் பியர்சனும் கசோலாவும் எடுத்துக்காட்டினர். இதனால் ஓரிடத்தின் உயிர்வளத்தை மதிப்பிட இவை உதவுகின்றன.

பக்தர்கள் நடக்கும் பாதையைப் பெயர்க்க வேண்டியதில்லை. பாதையோர மணல் திட்டுகள் சிலவற்றைத் தொடாமல் விட்டால் போதும். கன்றுக்குக் குழி தோண்டும் முன் ஒரு நிமிடம் குனிந்து பார்க்கலாம். பென்சில் நுழையுமளவு வட்டமான, விளிம்பு வழவழப்பான துளைகள் தெரிந்தால், குழியை அந்தத் திட்டுக்கு வெளியே தோண்டலாம்.